"வாயை மட்டும் அசை": இரண்டாம் வகுப்பு இசைப் பீரியடில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பற்றிய ஆய்வு என்றுதான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். பாதி தூரம் போனபோது, அதில் சரிபாதி என்னைப் பற்றியது என்று தெரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் தொடக்கப்பள்ளியில் பொது இசை எடுக்கிறேன். கச்சேரிக்கு ஆள் தயாரிக்கிற வேலை இல்லை இது. குரல் நன்றாக இருக்கிற நாலு பேரைப் பொறுக்கி எடுத்துப் பழக்குவதும் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் இசை: பாடுவது, தட்டுவது, தாளத்துக்கு நடப்பது, கேட்பது, சின்னதாகச் சொந்தமாக ஒன்றை உண்டாக்குவது. வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிடம். வகுப்பில் 32 பேர். அறையில் ஒரு கீபோர்டு, சில கைமேளங்கள், குலுக்கிகள், கட்டைகளைக் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு சைலோபோன்கள்.

என்ன நடந்தது

பையனைக் கடைசி வரிசைப் பையன் என்றே சொல்கிறேன். முதல் மாதத்திலேயே அவன் குரல் தனியாகக் கேட்டது. பாட்டு மேலே போனாலும் கீழே வந்தாலும் அவன் ஒரே இடத்தில் நின்று, தாழ்ந்த குரலில் ரீங்கரித்துக்கொண்டிருப்பான். சொற்கள் சரி, தாளம் சரி, சுருதி மட்டும் எங்கோ இருக்கும். உற்சாகத்துக்கும் குறைவில்லை; வகுப்பிலேயே பெரிய சத்தம் அவனுடையதுதான்.

பள்ளி நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்தபோது பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "அவனை வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்க, சரியாயிடும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எத்தனையோ பள்ளிகளில் எத்தனையோ தலைமுறையாக நடக்கிற விஷயம். நானும் அவனைத் தனியே கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே, "இந்த ஒரு தடவை மட்டும் சத்தம் வராம பாடு, சரியா?" என்றேன். தலையாட்டினான். நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது.

அடுத்த வாரம் அவன் பாடவில்லை, அதற்கடுத்த வாரமும் பாடவில்லை. மூன்றாவது வாரம் கைமேளத்தை நீட்டினேன், அதையும் வாங்கவில்லை. "எனக்கு வராது சார், வேற யாருக்காவது குடுங்க." ஒரு மாதத்துக்கு முன்னால் மேளத்துக்காகச் சண்டை போட்டவன் அவன்.

இந்த "எனக்கு வராது"தான் இந்த ஆய்வு தொடங்கிய இடம். பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். இசை வராது என்று சொல்பவர்களில் பலர் யாரோ ஒருவர் எப்போதோ சொன்ன ஒரு வரியை இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். இவன் விஷயத்தில் அந்த யாரோ நான்.

காதா, குரலா, சொல்லா

சுருதி சேராத குழந்தையைப் பார்த்ததும் "காது இல்லை" என்று முடிவு கட்டிவிடுவது எளிது. சுருதி வேறுபாட்டை உண்மையிலேயே உணர முடியாத பிறவிக் குறை ஒன்று உண்டுதான். ஆனால் அது அரிது. வெவ்வேறு கணக்கெடுப்புகளின்படி நூற்றில் ஒருவர் இருவரிலிருந்து நாலு பேர் வரை. அதாவது என் வகுப்பு முழுவதையும் தேடினாலும் ஒரு பிள்ளை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனால் ஊகிப்பதை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் செவித்திறன். இந்த வயதில் சளிக்குப் பிறகு நடுச்செவியில் நீர் தங்கி, சில வாரங்கள் கேட்பது மந்தமாக இருப்பது சாதாரணம். அவன் அம்மாவிடம் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள், குறை எதுவும் இல்லை. அப்போது அவர் சொன்னது: "எங்க வீட்ல யாருக்குமே பாட்டு வராது சார், அவனை விட்டுடுங்க." எனக்காக வருத்தப்படுகிற தொனியில் சொன்னார்.

அடுத்து ஒரு விளையாட்டு. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் சைலோபோனை வைத்து இரண்டு கட்டைகளைத் தட்டுவேன். ஒரே ஒலியா, வேறு வேறா? பத்து ஜோடியில் ஒன்பது சரியாகச் சொன்னான், அதில் அடுத்தடுத்த கட்டைகளும் இருந்தன. காதில் கோளாறு இல்லை.

பிறகு அவற்றில் ஒலி வேறுபட்ட ஜோடிகளை மட்டும் வைத்து, "எது மேலே, எது கீழே?" என்று கேட்டேன். பாதிதான் சரி. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். கேள்வியை மாற்றினேன்: "எது சுண்டெலி, எது யானை?" எல்லாமே சரி.

இங்கே கொஞ்சம் நின்றேன். ஒலியில் மேலும் கிடையாது, கீழும் கிடையாது. நாணோ கட்டையோ காற்றோ வேகமாக அதிர்ந்தால் ஒரு மாதிரி, மெதுவாக அதிர்ந்தால் வேறு மாதிரி. மேல், கீழ் என்பது நாம் வைத்த உவமை. பெரியவர்களுக்கு அது உவமை என்பதே மறந்துவிட்டது. குழந்தைக்கோ "மேலே" என்றால் அலமாரி மேலே. சைலோபோன் மேசையில் படுத்திருக்கிறது, அதில் மேலே எங்கே இருக்கிறது? கீபோர்டிலும் வலது பக்கம், இடது பக்கம்தான். தமிழில் இன்னொரு சிக்கல் வேறு. "ஏத்திப் பாடு" என்றால் சுருதியை ஏற்று என்றும் ஆகும், சத்தத்தைக் கூட்டு என்றும் ஆகும். "கொஞ்சம் கீழே" என்றாலும் அதே குழப்பம். பையன் இரண்டாவது அர்த்தத்தை எடுத்துக்கொண்டிருந்தான். "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்று நான் கை காட்டக் காட்ட அவன் இன்னும் உரக்கக் கத்தினான். சொன்னதைச் சொன்னபடி செய்த பிள்ளை அவன்.

உடலளவிலும் இரண்டும் எதிரெதிரானவை. சுருதி ஏற வேண்டுமானால் குரல்நாண்கள் இழுபட்டு நீண்டு மெலிய வேண்டும். கத்தும்போது அவை தடித்து, அழுத்திக்கொண்டு மோதுகின்றன. கத்திக்கொண்டே மேலே போகச் சொல்வது பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியைத் தள்ளச் சொல்வது போல.

டியூனர் காட்டியது

அடுத்த சோதனைக்கு ஒரு பழைய ஒலிப்பதிவு உதவியது. நிகழ்ச்சி ஒத்திகைக்கு முந்தைய வகுப்பை அலைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன். அலைபேசி அன்று கடைசி வரிசை ஜன்னலில் இருந்தது, அதனால் அவன் குரல் தெளிவாக விழுந்திருந்தது. சுருதியை அளந்து காட்டும் டியூனர் செயலியில் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் 220 ஹெர்ட்ஸுக்கும் (விநாடிக்கு 220 அதிர்வு) 245-க்கும் நடுவில் ஊசலாடினான். ஏழு வயதுக் குழந்தையின் பேச்சுக் குரலுக்கு அக்கம்பக்கம், அதன் அடிமட்டம்.

சரி, அவனுக்கு நான் கொடுத்த மாதிரி என்ன? என் குரலையும் அளந்தேன். நான் ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவன் (இந்தக் கட்டை ஆதார சுருதியின் அளவு, சைலோபோன் கட்டை இல்லை). என் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அந்தப் பாட்டு ஷட்ஜத்திலிருந்து (ச) தைவதம் (த) வரை போகிறது: என் வாயில் 131 முதல் 220 வரை. பிள்ளைகள் பாட வேண்டியது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, அதாவது இரண்டு மடங்கு அதிர்வில், 262 முதல் 440 வரை.

பெரும்பாலான குழந்தைகள் இந்த ஸ்தாயி மாற்றத்தை யாரும் சொல்லாமலே செய்துவிடுகிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இவன் செய்யவில்லை. நான் பாடிய அதே சுருதியில், என்னோடு சேர்ந்து பாட முயன்றிருக்கிறான். என் பாட்டின் உச்சம் 220. அவன் குரலின் தரை 220. என்னை நோக்கி இறங்கி வந்து, அதற்கு மேல் இறங்க முடியாமல், தரையைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த ரீங்காரம் அதுதான்.

வகுப்பிலேயே என் குரலை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியவன் அவன் ஒருவன். அவனைத்தான் நான் வாயை மட்டும் அசைக்கச் சொன்னேன்.

ஆண் குரலை மாதிரியாகக் கொண்டு பாடும்போது சிறு பிள்ளைகளுக்குச் சுருதி சேர்வது கடினம், பெண் குரலோ இன்னொரு குழந்தையின் குரலோ என்றால் எளிது என்பது இசைக் கல்வி ஆய்வுகளில் தெரிந்த சங்கதி. நானும் படித்திருந்தேன். படித்தது வேறு, வகுப்பில் நின்று பாடுவது வேறு.

இன்னொன்றும் பதிவில் கேட்டது. நான் பாடிய ஸ்வரங்கள் எதுவும் நேராக நிற்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரு குழைவு, ஓர் அசைவு. கமகம் அழகுதான், ஆனால் இன்னும் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கவே தெரியாத பிள்ளைக்கு ஆடிக்கொண்டிருக்கிற கம்பத்தைப் பிடிக்கச் சொன்னது போல ஆகிவிட்டது.

எல்லாரையும் தனித்தனியாகக் கேட்பது என்று முடிவு செய்தேன். ஒரு குழந்தைக்கு பத்து விநாடி, ஒரு பீரியடில் எட்டுப் பேர், நாலு வாரத்தில் வகுப்பு முடிந்தது. அளக்க ஜோன் ருட்கௌஸ்கி என்ற இசைக் கல்வி ஆய்வாளர் வகுத்த படிநிலைகளை எடுத்துக்கொண்டேன். அடிப் படியில் குழந்தை பாட்டை ஒப்பிக்கிறது. அடுத்த படியில் ஒலியை நீட்டுகிறது, ஆனால் பேச்சுக் குரலின் எல்லைக்குள், சுமார் 220 முதல் 262 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேல் பேச்சுக் குரலுக்கும் பாட்டுக் குரலுக்கும் நடுவில் தடுமாறுகிறது. பிறகு 294 முதல் 440 வரை நிலையாகப் பாடுகிறது. கடைசியில் 466-ஐத் தாண்டியும் குரல் உடையாமல் போகிறது. இந்த அளவுகோலில் எனக்குப் பிடித்தது, சுருதி சரியா தப்பா என்று கேட்காமல் குழந்தை எந்தக் குரலைப் பயன்படுத்துகிறது என்று கேட்பது. பாட்டுக் குரல் என்ற அறையின் கதவு திறந்திருக்கிறதா என்று முதலில் பார். உள்ளே சாமான் ஒழுங்காக இருக்கிறதா என்பது அப்புறம்.

இரண்டாவது படியில் ஐந்து பேர் இருந்தார்கள். கடைசி வரிசைப் பையன் கண்ணில் பட்டதற்குக் காரணம் அவன் சத்தம். மற்ற நாலு பேரும் மெதுவாகப் பாடியதால் யாருக்கும் தெரியவில்லை.

மாற்றியவை

பாட்டு சொல்லிக்கொடுப்பதை மூன்று வாரம் நிறுத்தினேன். அதற்குப் பதில் குரலோடு விளையாட்டு. ஒரே வாக்கியத்தை நாலு குரலில் சொல்ல வேண்டும்: பேச்சுக் குரல், கிசுகிசுக் குரல், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும் குரல், பாட்டுக் குரல். முதல் மூன்றும் எல்லாருக்கும் வந்தன. நாலாவதில்தான் அந்த ஐந்து பேரும் பேச்சுக் குரலுக்கே திரும்பினார்கள். அதனால் மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் பாலம் போட வேண்டியிருந்தது.

ஆந்தை மாதிரி "ஊ", ஆம்புலன்ஸ் சைரன், காற்றில் பறக்கிற ரிப்பன். நான் ரிப்பனை உயர்த்தினால் குரல் ஏற வேண்டும், இறக்கினால் இறங்க வேண்டும். சத்தம் கூடக் கூடாது, அது மட்டும்தான் விதி. இரண்டாவது பீரியடில் பையனின் "ஊ" 500 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போய் வந்தது. அவனுக்குத் தெரியாது, அதைப் பாட்டு என்று அவன் நினைக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நொடியே "எனக்கு வராது" வந்திருக்கும்.

அப்புறம் கூப்பிடும் விளையாட்டு. தூரத்தில் இருக்கிற ஒருவரை நீட்டிக் கூப்பிடும்போது குரல் இரண்டு ஸ்வரத்தில் இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் பஞ்சமத்திலிருந்து (ப) அந்தர காந்தாரத்துக்கு (க) இறங்குகிற தூரத்தை ஒட்டியிருக்கும். பிள்ளைகளின் இசைக் கல்விக்கு வழி வகுத்த இசையமைப்பாளர்களில் ஹங்கேரியின் ஸோல்தான் கோடாய் (1882–1967) வழியில் வந்த ஆசிரியர்களும் ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃபும் (1895–1982) சிறு பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பது இந்த ப–க இறக்கத்தைத்தான். ச ரி க ம என்று வரிசையாகத் தொடங்குவது பெரியவர்களின் தர்க்கம். ச–ரி அடுத்தடுத்துக் கிடக்கிறது, அதனால் எளிது என்று நமக்குத் தோன்றும். ஏழு வயதுத் தொண்டைக்கு பக்கத்து வீட்டை விட ஒரு வீடு தள்ளித் தாவுவதுதான் சுலபம்.

வருகைப் பதிவைப் பாட்டாக்கினேன். பெயரை ப–க என்று பாடுவேன், பிள்ளை "இருக்கேன்" என்று அதே இரண்டு ஸ்வரத்தில் பதில் பாட வேண்டும். சுருதி இரண்டு கட்டை. அப்போது பஞ்சமம் 440, காந்தாரம் 370, ஆதார ஷட்ஜம் 294. முன்பு சொன்ன நாலாவது படியின் எல்லைக்குள் அப்படியே பொருந்துகிறது. பேச்சுக் குரலிலிருந்து இரண்டுமே தள்ளி இருப்பதால், நழுவி விழுந்தால் எனக்கு உடனே தெரியும்.

என் குரலை என்ன செய்வது? கள்ளக் குரலில், அதாவது பொய்க்குரலில், அந்த 440-ஐயே பாடினேன், அசைவு இல்லாமல் மொட்டையாக. முதல் நாள் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் வாரம் முதல் ஒரு பெண்பிள்ளையை முன்னால் நிறுத்தி அவளையே அழைக்க வைத்தேன். ஒரு குழந்தையின் குரலுக்கு இன்னொரு குழந்தையின் குரல் போல மாதிரி கிடையாது. அன்றே அந்த ஐவரில் இருவர் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதம் நான் தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்ததை அவள் பத்து நிமிடத்தில் செய்தாள் என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

வாரத்துக்கு ஒரு பீரியட் போதாது என்பதும் புரிந்தது. கோடாய் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950-இல் தொடங்கிய பாட்டுப் பள்ளியில் தினமும் பாட்டு உண்டு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வகுப்பாசிரியையிடம் கேட்டேன், காலை வருகைப் பதிவை அவரும் இதே மாதிரி பாடி எடுக்க முடியுமா என்று. "எனக்குப் பாட வராதே சார்" என்றார். (எத்தனை பேர்!) இரண்டு ஸ்வரம்தான், அதையும் ஒரு குழந்தை பாடினால் போதும் என்றதும் ஒப்புக்கொண்டார். தினமும் இரண்டு நிமிடம். இந்த ஆய்வில் பலன் தந்தவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பேன்.

சைலோபோனைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தேன், நீளக் கட்டை தரைப் பக்கம், குட்டைக் கட்டை கூரைப் பக்கம். இப்போது "மேலே" உண்மையாகவே மேலே. நாலாவது, ஏழாவது ஸ்வரக் கட்டைகளைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது ச ரி க ப த, நம் மோகனம். எந்தக் கட்டையில் தட்டினாலும் ஒன்றோடொன்று உரசாது, அதனால் தப்பு என்பதே இல்லை. கட்டையைக் கழற்றுகிற இந்த ஏற்பாடு ஓர்ஃபும் அவரோடு சேர்ந்து உழைத்த குனில்ட் கீட்மனும் பிள்ளைகளுக்காகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. தப்பு செய்யவே முடியாத ஒரு கருவி, "எனக்கு வராது" என்கிற பிள்ளையின் கையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மேளத்தைத் தொட மறுத்தவன் சைலோபோனைத் தட்டினான். தட்டிக்கொண்டே, கூடவே முனகினான். அந்த முனகல் தட்டிய ஸ்வரத்தில் இருந்தது.

கைச் சைகைகளும் சேர்ந்தன. இங்கிலாந்தில் சாரா கிளவரின் ஸ்வர முறையை எடுத்து வளர்த்த ஜான் கர்வென் 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை வடிவம் வைத்தார். கோடாய் வழியில் அந்தக் கை இடுப்பிலிருந்து நெற்றிவரை ஸ்வரத்துக்குத் தக்க உயரத்தில் ஏறும். கையின் வடிவம் பிள்ளைகளுக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. உயரம்தான் வேலை செய்தது. பையன் கையைத் தூக்கினால் குரலும் தூங்கி எழுந்த மாதிரி ஏறியது.

எல்லாமே பலித்தது என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்தில் தன் குரல் தனக்கே கேட்காது என்பதால் வளைந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைக் கொண்டுவந்தேன், ஒரு முனை வாயில், மறு முனை காதில், தொலைபேசி மாதிரி. யோசனை நல்லது, தன் குரல் துல்லியமாகக் கேட்கும். ஐந்தாவது நிமிடத்தில் வகுப்பு போர்க்களமாகி, குழாய்கள் துப்பாக்கிகளாகிவிட்டன. இப்போது ஒரே ஒரு குழாய்தான், என் பையில் இருக்கும். மற்றபடி ஒரு காதைக் கையால் மூடிக்கொள்வதே போதும், காசும் இல்லை, சண்டையும் இல்லை.

"பொண்ணு குரல்"

எட்டாவது வாரம் வருகைப் பதிவில் கடைசி வரிசைப் பையன் "இருக்கேன்" என்று சரியாக 440-இலிருந்து 370-க்கு இறங்கினான். சுத்தமான ப–க. பக்கத்தில் இருந்தவன் திரும்பி, "டேய், பொண்ணு குரல்டா" என்றான்.

அடுத்த இரண்டு வாரம் அவன் மறுபடி பேச்சுக் குரலுக்குப் போய்விட்டான். இந்த முறை காரணம் தொண்டையிலோ காதிலோ இல்லை. பாட்டுக் குரல் மென்மையாக, உயர்ந்து ஒலிக்கிறது. ஆண் என்றால் கனத்த குரல் என்பது ஏழு வயதிலேயே மண்டையில் ஏறிவிடுகிறது. ஏழு வயதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை குரல்நாண்களுக்கு நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, குரல் பிரிவது பருவ வயதில்தான். இதை வகுப்பில் உரையாகச் சொல்வதில் எந்தப் பயனும் இல்லை.

நான் செய்தது வேறு. அந்த வாரம் நானே வகுப்பு முழுவதும் பொய்க்குரலில் பேசினேன். வாசலில் வந்தவர்களிடமும் அப்படியே பேசினேன். தலைமையாசிரியர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பிறகு, பெரிய ஆண் பாடகர்கள் உச்ச ஸ்தாயியில் பாடிய சில பதிவுகளைப் போட்டு, "இது யாரு, ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா?" என்று புதிர் போட்டேன். பாதிக்கு மேல் தவறாகச் சொன்னார்கள். தவறாகச் சொன்னவர்களில் "பொண்ணு குரல்" என்றவனும் ஒருவன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. பத்தாவது வாரம் அவனே பொய்க்குரலில் கூப்பிடும் ஆளாக நிற்க வேண்டும் என்று கேட்டான்.

தாளம் பற்றிச் சுருக்கமாக

தாளத்தில் பையனுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. தகதிமியோ த–கிடவோ, நடந்துகொண்டே சொல்வான், கைதட்டுவதற்கு எதிராகக் கால் வைப்பான். சுருதிக்காக அவனை ஒதுக்கியதில் வகுப்பு ஒரு நல்ல தாளக்காரனை இழந்திருந்தது, அவ்வளவுதான். ஜெனீவா இசைக் கல்லூரியில் பாடம் எடுத்த எமில் ஜாக்-டால்குரோஸ் (1865–1950) ஒன்றைக் கவனித்தார்: வாசிக்கும்போது தாளம் தப்புகிற மாணவர்கள் நடக்கும்போது தப்புவதில்லை. இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போவது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். பாடுகிற ப–க-வைத் தாளத்தோடு கட்டிக்கொடுத்தேன். முதலில் நடை, நடைமேல் சொல், சொல்மேல் ஸ்வரம். தாளத்தில் தலைவனாக நின்றவனுக்குச் சுருதியில் விழுந்தாலும் மானம் போகவில்லை.

விளைவு

22 பீரியட் முடிவில் மறுபடி எல்லாரையும் கேட்டேன். இரண்டாவது படியில் இருந்த ஐவரில் மூவர் நாலாவது படிக்கு வந்திருந்தார்கள், ஒருத்தி மூன்றாவதில் தடுமாறிக்கொண்டிருந்தாள், ஒருவன் அசையவே இல்லை. அசையாதவன் கடைசி வரிசைப் பையன் இல்லை. அவனைப் பற்றி இனிமேல்தான் யோசிக்க வேண்டும். அவன் பாதி நாள் பள்ளிக்கு வரவில்லை என்பது மட்டும் இப்போதைக்குத் தெரிந்த காரணம்.

கடைசி வரிசைப் பையன் ப–க-வையும், த சேர்த்து மூன்று ஸ்வரத்தையும் நிலையாகப் பாடுகிறான். நாலாவது படியின் அடி எல்லையான ஷட்ஜத்தில்தான் இன்னும் தகராறு. பாட்டு ஷட்ஜத்துக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் 294-இல் நிற்காமல், மாடிப்படியில் கடைசிப் படி இருப்பது தெரியாமல் கால் வைத்தவன் போல, தடாலென்று பேச்சுக் குரலில் போய் விழுகிறான். சுருதியை இன்னும் அரைக் கட்டை ஏற்றிப் பார்த்தேன். ஷட்ஜம் நின்றது, தைவதம் இறுகியது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிகிறது. இப்போதைக்கு ஷட்ஜத்தைத் தொடாத பாட்டுகளாகப் பார்த்து எடுக்கிறேன், சைரன் விளையாட்டில் மட்டும் அந்தப் படியைப் பழக்குகிறேன்.

அம்மாவிடம் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். "இது அவனா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது எங்க டீச்சரும்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

வேறு காரணம் இருக்கலாமா

இருக்கலாம். ஒரு வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒப்பிட இன்னொரு வகுப்பு இல்லை. ஏழு வயதிலிருந்து எட்டுக்குப் போகும்போது குரல் தானாகவே கொஞ்சம் விரியும். நான் எதுவும் செய்யாமல் இருந்தாலும் இரண்டு பேர் மேலே வந்திருப்பார்கள் என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரே நேரத்தில் ஆறேழு விஷயத்தை மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. தினசரி வருகைப் பதிவை முதலிடத்தில் வைத்தேன் என்றால், அது தொடங்கிய பிறகுதான் மாற்றம் வாரத்துக்கு வாரம் தெரிந்தது என்பதால் மட்டுமே.

அமெரிக்க இசைக் கல்வி ஆய்வாளர் எட்வின் கோர்டன் (1927–2015) இசைத் திறன் ஏறத்தாழ ஒன்பது வயதுவரை சூழலைப் பொறுத்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதன் பிறகு நிலைத்துவிடும் என்றார். அந்த வயது எல்லையை எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அது ஒரு அவசரத்தைக் கொடுத்தது என்பது மட்டும் உண்மை. இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளையை வாயை மட்டும் அசைக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்று இப்போது என்னால் நினைக்க முடியவில்லை.

நிகழ்ச்சி மறுபடியும் வந்தது. இந்த முறை பாட்டை இரண்டு கட்டைக்கு ஏற்றி, ஷட்ஜம் வருகிற வரியை மட்டும் பேச்சாக மாற்றி, எல்லாரையும் பாட வைத்தேன். சுத்தமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒத்திகையில் அவசரத்தில் நான் ஆரம்ப ஸ்வரத்தை என் சொந்தக் குரலில், ஒரு ஸ்தாயி கீழே கொடுத்துவிட்டேன். பாதிப் பிள்ளைகள் தயங்கினார்கள். கடைசி வரிசையிலிருந்து கை உயர்ந்தது.

"சார், அது உங்க இடம். எங்க இடத்துல குடுங்க."